அதற்குள்ளா வந்துவிட்டது? – சொல் பற்றிய வாசகர் கேள்வி பதில்

காலத்துக்கு முந்தி வருவனவற்றையும் சொல்லாமல் கொள்ளாமல் வருவனவற்றையும் குறிக்கும் சொற்களைப் பற்றி எழுதுமாறு சென்ற இதழில் வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே விடை தருகிறேன்.

நான் வங்கி ஆவணங்களையும் மருத்துவக் கையேடுகளையும் மொழிபெயர்ப்பவள். ஆங்கிலத்தில் வைப்புத்தொகை, குழந்தை, முடிவு, மரணம், நரை என எல்லாவற்றுக்கும் முன்னால் ‘பிரிமெச்சூர்’ என்ற ஒரே சொல் வந்து நிற்கிறது. தமிழில் எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரு சொல் உண்டா, ஐயா? ‘முன்கூட்டிய’ என்று எங்கும் எழுதி வருகிறேன், மனம் ஒப்பவில்லை.
– வாசகி, சென்னை

உங்கள் மனம் ஒப்பாமற்போனது சரியே. அப்படி ஒரு சொல் தமிழில் இல்லை. இல்லாததை ஒரு குறையாக எண்ணவும் வேண்டியதில்லை. எது முந்தியதோ அதன் இயல்பைப் பார்த்தே தமிழ் பெயர் வைக்கிறது. தலை முந்தினால் இளநரை, காய் முந்தினால் வெம்பல், பிள்ளை முந்தினால் குறைமாதம், பேச்சு முந்தினால் அவசரம். ‘முன்கூட்டியே’ என்பதோ திட்டமிட்டு முன்னதாகச் செய்வதைக் குறிக்கும் சொல். “முன்கூட்டியே சொல்லியிருந்தால் சமைத்து வைத்திருப்பேனே” என்கிறோம் அல்லவா? அதில் பாராட்டத்தக்க முன்யோசனையின் சாயல் இருக்கிறது. ‘முன்கூட்டிய மரணம்’ என்று எழுதினால் யாரோ நாள் குறித்துச் செய்ததுபோல் ஆகிவிடும்.

வைப்புத்தொகைக்கு மட்டும் உங்களுக்கு நல்ல சொல் கையிலேயே இருக்கிறது. வங்கிகள் ‘முதிர்வுக் காலம்’, ‘முதிர்வுத் தொகை’ என்று எழுதிப் பழகிவிட்டதால் ‘முதிர்வுக்கு முன் முடித்தல்’ என்றால் கடைசி வரிசையில் நிற்கும் முதியவருக்கும் விளங்கும். முடிவுகளைப் பற்றி எழுதும்போது பெயரடையைத் தேடாமல் வினையால் சொல்லிப் பாருங்கள். ‘இது முதிராத முடிவு’ என்பதைவிட ‘இப்போதே அப்படிச் சொல்லிவிடுவதற்கில்லை’ என்பது தெளிவாக இருக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ‘உரிய நேரத்துக்கு முன்பே’ என்ற பொருளைத் தனியாளாகச் சுமக்கும் ஒரு சொல்லை நாம் நாள்தோறும் பேசிக்கொண்டே கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். விருந்தினர் செருப்பைத் தேடும்போது “அதற்குள்ளா?” என்கிறோம். அந்த ஒரு சொல்லில் ஒரு காலக்கணக்கு இருக்கிறது, அது தவறிப்போனதன் வியப்பு இருக்கிறது, கொஞ்சம் மனத்தாங்கலும் இருக்கிறது. “அதற்குள் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டதா”, “அதற்குள் பெண்ணுக்குக் கல்யாண வயது வந்துவிட்டதா” என்பவற்றில் ‘அதற்குள்’ளும் ‘விட்டது’ம் கைகோத்துச் செய்யும் வேலையை எந்தப் பெயரடையும் செய்யாது. மொழிபெயர்ப்பில் இந்தச் சொல்லுக்கு இடம் கொடுங்கள் என்று உங்களை வேண்டிக்கொள்கிறேன்.

எங்கள் தோப்பில் வெயிலால் பழுத்து விழும் மாங்காயை ‘வெம்பல்’ என்போம். இது வட்டாரச் சொல்தானா? ‘பிஞ்சிலே பழுத்தது’ என்று பிள்ளைகளைத் திட்டுவதும் இதையேதான் குறிக்கிறதா?
– வாசகர், பெரியகுளம்

வட்டாரச் சொல் என்று ஒதுக்கிவிடாதீர்கள். தமிழ் முழுமைக்கும் உரிய சொல் இது. தேவநேயப் பாவாணர் தமிழின் சொல்வளத்தைக் காட்டுவதற்காகக் கெட்டுப்போன காய்கனிகளின் பெயர்களைத் தொகுத்தபோது, நுனி சுருங்கிய காய்க்குச் சூம்பல், சுருங்கிய பழத்துக்குச் சிவியல், குளுகுளுத்த பழத்துக்கு அளியல் என்று வரிசைப்படுத்தி, சூட்டினால் பழுத்த பிஞ்சுக்கு வெம்பல் என்று எழுதினார். வெம்மை, வெப்பம், வெயில் ஆகியவற்றின் உறவுச்சொல் இது. பழுக்க வேண்டிய காலம் வந்து பழுக்கவில்லை, சூடு வந்து பழுக்க வைத்துவிட்டது என்ற காரணத்தையே சொல் தன் வயிற்றில் வைத்திருக்கிறது.

என் பாட்டி பங்குனி வெயிலில் தோப்புக்குள் கூடையோடு போய் வருவதை நினைத்துக்கொள்கிறேன். விழுந்து கிடக்கும் ஒவ்வொன்றையும் எடுத்துக் காம்புப் பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். மேலே மஞ்சள் ஓடியிருக்கும்; நுனி இன்னும் கரும்பச்சையாக இருக்கும்; தோல் சதையைவிட்டுத் தளர்ந்திருக்கும். அரிவாள்மணையில் வைத்தால் கொட்டையும் சேர்ந்து இரண்டாகும், ஓடு இன்னும் கட்டியிருக்காது என்பதால். உள்ளே செம்மஞ்சள் இராது, வெளிறிய சதை, வாயில் போட்டால் காயின் புளிப்பும் இல்லை, பழத்தின் இனிப்பும் இல்லை. “பழுக்கலடா, வெம்பிட்டு” என்பார். பழுத்தலும் வெம்பலும் நிறத்தால் ஒன்று, சுவையால் வேறு என்பதை அந்த ஒரு வரியில் கற்றுக்கொண்டேன்.

கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்த பழத்தை வெம்பல் என்று சொல்லக் கூடாது. அது மனிதர் செய்கை, சட்டத்தால் தடுக்கப்பட்டதும் ஆகும். வாழைத்தாரை மூட்டம் போட்டுப் பழுக்க வைப்பதும் வேறு. அங்கே காய் முன்பே முற்றியிருக்கிறது, கனிவதை மட்டும் முடுக்குகிறோம். மூன்றுக்கும் மூன்று சொற்கள் இருப்பதால் ஏமாறாமல் வாங்கலாம்.

பிள்ளைகளைத் திட்டும் வழக்கைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ‘பிஞ்சிலே பழுத்தது’ என்பது வெம்பலைத்தான் சுட்டுகிறது. ஆனால் வெம்பல் காயின் குற்றம் அன்று. தாங்க முடியாத வெயிலில் அது நின்றது, அவ்வளவுதான். வயதுக்கு மீறிய பேச்சுப் பேசும் குழந்தை வீட்டில் எந்தச் சூட்டில் நிற்கிறது என்று பார்க்காமல் இந்தச் சொல்லை அதன்மேல் வீசுவது எனக்கு உடன்பாடன்று.

என் மகள் எட்டாம் மாதத்தில் பிறந்தாள். மருத்துவமனைச் சீட்டில் ‘குறைப்பிரசவம்’ என்று எழுதியிருந்தார்கள். பார்க்க வந்த உறவினர் சிலர் ‘குறைப் பிள்ளை’ என்றே சொன்னார்கள். இப்போது அவளுக்கு மூன்று வயது, நன்றாக ஓடுகிறாள். ஆனாலும் அந்தச் சொல் மனத்தைக் குடைகிறது. வேறு சொல் இல்லையா?
– ஒரு தாய், திருநெல்வேலி மாவட்டம்

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ‘குறைப் பிள்ளை’ என்பது பிழையான தமிழ். அதைச் சொன்னவர்கள் கனிவின்றிச் சொன்னதோடு, சொல்லைச் சிதைத்தும் சொல்லியிருக்கிறார்கள்.

நம் மொழியில் ‘நிறைமாதம்’ என்று ஒரு சொல் இருக்கிறது. ‘நிறைமாதக் கர்ப்பிணி’ என்று எழுதுகிறோம். அதற்கு எதிர்ச்சொல்லாகப் பிறந்ததே ‘குறைமாதம்’. நிறைவதும் குறைவதும் மாதம், பிள்ளை அன்று. 40 வாரம் என்பது பொதுக் கணக்கு. 37 வாரம் நிறையும் முன் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. அதிலும் 28 வாரத்துக்கு முன், 28 முதல் 32 வரை, 32 முதல் 37 வரை என்று படிகள் வைத்திருக்கிறார்கள். முழுக்க முழுக்க நாட்காட்டிக் கணக்கு இது. ‘குறைப்பிரசவம்’ என்பதிலும் அந்த மாதம் என்ற சொல் மறைந்து நிற்கிறது. மறைந்து நிற்பதால்தான் கேட்போர் பிழையாகப் பொருள் கொள்கிறார்கள். ஆகவே மருத்துவத் துறையினர் ‘குறைமாதப் பேறு’ என்று மாதத்தை வெளிப்படையாகவே எழுதலாம் என்பது என் விருப்பம். ‘பேறு’ என்னும் சொல்லே பெற்ற செல்வத்தைக் குறிப்பதாயிற்றே.

இன்னொன்றும் உண்டு. இப்படிப் பிறந்த குழந்தைகளின் வளர்ச்சியைப் பார்க்கும்போது மருத்துவர்கள், பிறந்த நாளை விட்டு, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து வயதை எண்ணிக் கொள்கிறார்கள். ஏறக்குறைய இரண்டு வயதுவரை இந்தக் கணக்கு நடக்கும். உங்கள் மகள் அந்தக் கணக்கையும் கடந்து ஓடுகிறாள். அவளைக் குறிக்க இப்போது ‘மூன்று வயதுக் குழந்தை’ என்பதற்கு மேல் எந்த அடைமொழியும் தேவையில்லை.

‘திடீரென்று’, ‘சட்டென்று’, ‘பொசுக்கென்று’, ‘திடுதிப்பென்று’ எல்லாம் ஒரே பொருள்தானா? தேர்வில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை எழுதலாமா? இவை பழைய இலக்கியத்தில் உண்டா?
– கல்லூரி மாணவர், கும்பகோணம்

எழுதக் கூடாது. ஒரு சாலைக் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். மாடு குறுக்கே வருகிறது. ஓட்டுநர் சட்டென்று வண்டியை நிறுத்துகிறார். பின்னால் வந்தவர், “முன்னால் போன வண்டி திடீரென்று நின்றுவிட்டது” என்கிறார். நின்றது ஒரே நிற்றல்தான். ‘சட்டென்று’ செய்தவருடைய விரைவைச் சொல்கிறது. ‘திடீரென்று’ பார்த்தவருடைய எதிர்பாராமையைச் சொல்கிறது. பின்னால் வந்தவர் ‘சட்டென்று நின்றது’ என்று சொன்னால் புகார் குறைந்து பாராட்டுப் போலாகிவிடும்.

‘திடுதிப்பென்று’ என்றால் முன்னறிவிப்பு இல்லை என்ற குறை கலந்துவிடும்: “திடுதிப்பென்று பத்துப் பேரைச் சாப்பிட அழைத்து வந்தால் என்ன செய்வது?” ‘பொசுக்கென்று’ என்பதில் எளிதாக, இவ்வளவு விரைவாக முடிந்துவிட்டதே என்ற இரக்கம் இருக்கிறது, “பொசுக்கென்று அழுதுவிட்டாள்”, “நேற்றுவரை பேசிக்கொண்டிருந்தவர் பொசுக்கென்று போய்விட்டார்” என்கிறோம். ‘குபீரென்று’ உள்ளிருந்து பீறிட்டு வருவதற்கு உரியது. சிரிப்பும் தீயும் குபீரென்று கிளம்பும், கதவு குபீரென்று திறக்காது. ‘திக்கென்று’ நிகழ்ச்சியைச் சொல்லாமல் நெஞ்சைச் சொல்கிறது.

பழைய இலக்கியத்தில் உண்டா என்று கேட்டீர்கள், திருக்குறளிலேயே உண்டு. “கதுமெனத் தாம்நோக்கித் தாமே கலுழும்” என்று 1173ஆம் குறளில் தலைவி தன் கண்களைச் சொல்கிறாள். அன்று சட்டென்று ஓடிப்போய்ப் பார்த்தவையும் இவையே, இன்று அழுபவையும் இவையே என்கிறாள். காலமறிதல் அதிகாரத்தில், 487ஆம் குறளில், “பொள்ளென ஆங்கே புறம்வேரார்” என்று வருகிறது: அறிவுடையோர் பகைவர் தீங்கு செய்தவுடனே பொள்ளென்று சினத்தை வெளிக்காட்ட மாட்டார், காலம் பார்த்து உள்ளுக்குள் வைத்திருப்பார். காலத்துக்கு முந்திச் செய்வதன் தீமையைச் சொல்ல வந்த இடத்தில் வள்ளுவர் ‘பொள்ளென’ என்ற ஒலியை எடுத்து வைத்திருப்பதைக் கவனியுங்கள். குமிழி உடைவதுபோல் அந்தச் சொல் கேட்கிறது. கதுமென, பொள்ளென என்பவை வழக்கொழிந்தாலும், அவை நின்ற அச்சில்தான் சட்டென்றும் பொசுக்கென்றும் வார்க்கப்பட்டிருக்கின்றன. தொல்காப்பியம் ‘என’ என்னும் இடைச்சொல்லுக்குச் சொல்லும் பொருள்களில் குறிப்பும், ஒலியைச் சுட்டும் இசையும் அடங்கும்.

‘திடீர்’ மட்டும் இந்தக் கூட்டத்திலிருந்து பிரிந்து, ‘என்று’ இல்லாமலே பெயரடையாகத் தனியே நிற்கக் கற்றுக்கொண்டது. திடீர்ச் சோதனை, திடீர் மாற்றம், திடீர் இட்லி மாவு என்று வருகிறது; மதுரையில் ஒரு குடியிருப்புப் பகுதிக்கே திடீர் நகர் என்று பெயர். பொசுக்கு நகர் வராது.

அறுவடைக்குத் தலைசாய்ந்து நின்ற சம்பா நெல்லைத் தை மாத மழை படுக்க வைத்துவிட்டது. ‘பருவம் தவறிய மழை’ என்று செய்தியில் எழுதுகிறார்கள். முன்னோர் இதற்கு ஒரு சொல்லாவது வைத்திருக்க மாட்டார்களா?
– விவசாயி, தஞ்சாவூர் மாவட்டம்

வைத்திருந்தார்கள். அது இன்றும் நம் வாயில் இருக்கிறது, பொருள்தான் மாறிப்போயிற்று.

குறுந்தொகையின் 66ஆம் பாட்டைக் கேளுங்கள். கார்காலத்தில் திரும்பிவிடுவேன் என்று சொல்லிப் போனவன் இன்னும் வரவில்லை. மழை பெய்கிறது, கொன்றை கொத்துக் கொத்தாகப் பூத்துவிட்டது. தலைவி கலங்குகிறாள். தோழி சொல்கிறாள்: இந்தக் கொன்றை மரங்கள் அறியாமை உடையவை, அவர் சொன்ன பருவம் இன்னும் வரவில்லை, ‘வம்ப மாரியைக் கார் என மதித்து’ப் பூத்துவிட்டன. உண்மையில் பருவம் வந்துதான் இருக்கிறது. தோழி ஆறுதலுக்காக மரத்தின்மேல் பழியைப் போடுகிறாள். பருவம் அல்லாத காலத்தில் பெய்யும் அந்த மழைக்கு வம்ப மாரி என்று பெயர்.

‘வம்பு நிலையின்மை’ என்பது தொல்காப்பிய உரியியல் தரும் பொருள். நிலைத்து நில்லாதது, புதிதாய் வந்தது, இங்கே உரியதல்லாதது என்று இந்தச் சொல் கிளைத்தது. வழிப்போக்கர் வம்பலர். தெற்கே படையோடு வந்த மோரியரை அகநானூற்றின் 251ஆம் பாட்டு ‘வம்ப மோரியர்’ என்கிறது. அழையாமல், முறையில்லாமல் வந்து சேர்வது என்ற அந்தக் கருத்திலிருந்துதான் இன்றைய வீண்சண்டைப் பொருள் கிளைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். “வம்புக்கு இழுக்காதே” என்று சொல்லும்போது, பருவம் தப்பிய ஒரு மழையின் ஈரம் அந்தச் சொல்லில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

உங்கள் நெல்லைப் படுக்கவைத்ததும் வம்ப மாரிதான். செய்தித்தாள்கள் ‘வம்ப மழை’ என்று எழுதத் தொடங்கினால் முதல் வாரம் விளங்காது, இரண்டாம் வாரம் விளங்கும். களத்தில் இதைப் பழக்கத்துக்குக் கொண்டுவரத்தக்கவர்கள் உங்களைப் போன்றவர்களே. உங்கள் இழப்புக்கு உரிய ஈடு விரைவில் கிடைக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

‘யதேச்சையாகச் சந்தித்தேன்’ என்பதும் ‘தற்செயலாகச் சந்தித்தேன்’ என்பதும் ஒன்றா?
– வாசகர், கோயம்புத்தூர்

வழக்கில் ஒன்றாகிவிட்டன, பிறப்பில் வேறு. யதா, இச்சை என்னும் வடசொற்கள் சேர்ந்த யதேச்சைக்கு ‘விருப்பப்படி’ என்று பொருள்; அதனால்தான் தன் விருப்பப்படி ஆள்வதை யதேச்சாதிகாரம் என்கிறோம். எதிர்பாராமையைக் குறிக்கும் வடசொல் ‘யத்ருச்சை’. ஒலி ஒற்றுமையால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்து அமர்ந்திருக்கக் கூடும். தற்செயலுக்கு இந்தச் சிக்கல் இல்லை: எவரும் செய்யாமல் தானே செயல்பட்டது. அதை எழுதுங்கள். பேச்சில் சொல்வதானால் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையும், கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த கதையும் கைவசம் இருக்கின்றன. முன்னது காரணமில்லாத ஒத்துநிகழ்வு, பின்னது எதிர்பாராத நற்பேறு.

முந்திக்கொண்டு பேசுகிறவரை ‘முந்திரிக்கொட்டை’ என்பது ஒலி ஒப்புமை மட்டும்தானா?
– வாசகி, பண்ருட்டி

நீங்கள் முந்திரிக் காட்டுக்கு நடுவே இருப்பவர். மரத்தடியில் நின்று பார்த்தால் விடை கிடைக்கும். மற்ற கனிகளில் விதை உள்ளே இருக்கும். இங்கே வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. அதோடு, பூ உதிர்ந்ததும் கொட்டைதான் முதலில் பருத்து முழு அளவை எட்டுகிறது. நாம் பழம் என்று சொல்லும் காம்பு அதன் பிறகே வீங்கிச் சதைப்பற்றுக் கொள்கிறது. போர்த்துகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரத்தை நம் மக்கள் எவ்வளவு நுணுக்கமாகக் கவனித்து வழக்குமொழி ஆக்கியிருக்கிறார்கள்! ஒலி ஒப்புமையும் உண்டு, கண்ணால் கண்ட உண்மையும் உண்டு.

‘அகால மரணம்’ என்பதை எந்த வயது வரை எழுதலாம்?
– அச்சகம் நடத்துபவர், விழுப்புரம்

அகாலம் என்றால் காலம் அல்லாதது. நள்ளிரவில் கதவு தட்டப்பட்டால் ‘அகால வேளையில்’ என்கிறோமே, அதே சொல். வயதுக்கு வரம்பு கட்ட என்னால் இயலாது. ஆனால் பேரன் பேத்தி கண்டு நிறைவாக வாழ்ந்தவரின் மறைவைக் ‘கல்யாணச் சாவு’ என்று மேளத்தோடு வழியனுப்பும் சமுதாயம் நம்முடையது. அதன் எதிர்ப்புறத்தில் நிற்பதுதான் அகால மரணம். துர்மரணம் இதனின்று வேறு. அது எப்போது என்பதைச் சொல்லாமல் எப்படி என்பதைச் சொல்கிறது. இரண்டையும் கலந்து அச்சிடுவது வீட்டாருக்குத் தாங்க முடியாத வலியைத் தரும்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் பிழைதிருத்துநராக இருந்தபோது, இருபது வயது மகனை இழந்த ஒரு தந்தை நினைவஞ்சலி விளம்பரம் கொடுக்க வந்தார். ‘அகால மரணமடைந்த’ என்று நான் எழுதிக் காட்டினேன். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், அதை அடித்துவிட்டு, ‘எங்களுக்கு முன்னே போய்விட்ட’ என்று தம் கையால் எழுதினார். அப்படியே அச்சிட்டோம். இப்படி ஒருவர் உங்கள் அச்சகத்துக்கு வந்தால், வழக்கமான சொல்லை வைக்கும் முன் அவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் அம்மம்மா ‘வெள்ளென எழும்பு’ என்பார். தமிழகத்து நண்பர்களுக்கு இது புரியவில்லை. இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய சொல்லோ?
– வாசகி, யாழ்ப்பாணம்

இல்லை; மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கங்களில் ‘வெள்ளன’ என்று இன்றும் புழங்குகிறது. வெண்மையின் ‘வெள்’ளில் பிறந்தது, கிழக்கு வெளுக்கும் வேளை. கொங்கு நாட்டில் இதே இடத்தில் ‘நேரமே’ என்பார்கள். ‘அதற்குள்’ வேண்டாத முந்தலைச் சொன்னால், இவை வேண்டிய முந்தலைச் சொல்கின்றன. பொது எழுத்துத் தமிழில் இந்த இடம் காலியாகிக் கொண்டு வருகிறது. ‘சீக்கிரம் வா’ என்றால் விரைந்து வருவதா, முன்னதாக வருவதா என்பது விளங்குவதில்லை. ‘வெள்ளென வாருங்கள்’ என்று எழுதிவிட்டால் அந்த ஐயமே எழாது. அடுத்த இதழ் முதல் இந்தப் பகுதியில் நான் அப்படியே எழுதப் போகிறேன். கேள்விகளை வெள்ளென அனுப்புங்கள்.